கொல்லையில் ஓட்டுக் கொட்டகை, 60 ஆயிரத்துக்குள்

வணக்கம் மக்களே. மண்வெட்டி, கடப்பாரை, உரமூட்டை, மோட்டார் சாமான் எல்லாம் போட்டுவைக்கக் கொல்லையில் கொட்டகை கட்டப்போகிறேன் என்றதும், தகர ஷீட் போட்டுச் சட்டென்று முடிக்க வேண்டியதுதானே என்று நிறையப் பேர் கேட்டீர்கள். முடிக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் அதற்குள் நின்று ஒரு ஸ்பேனரைத் தேடிப் பாருங்கள், தெரியும். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் தினமும் கண்ணில் படப்போவதும் அதுதான், லட்சணமாக இருந்தால் என்ன?

அளவு 10-க்கு 8 அடி. காசு பார்க்கக் கூடாத இடம் அடித்தளம். நம் டெல்டா பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொல்லையில் தண்ணீர் நிற்கும், அதனால் ஒன்றரை அடி உயர்த்தி, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து இறுக்கி, கரையான் மருந்தும் அடித்த பிறகுதான் தரை போட்டோம். வாசல் தெற்குப் பார்த்து. மழைச் சாரல் வாடைக்காற்றோடு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும்தான் அடிக்கும்.

சரி, கூரைக்கு வருவோம். எல்லாம் வீடு இடித்த இடத்தில் வாங்கிய பழைய மங்களூர் ஓடு. இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், ஓட்டை ஒரு கையில் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல ஓடு. சொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது, தள்ளி வையுங்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு பிடிக்கும், உடைசலுக்குக் கொஞ்சம் கூடவே வாங்குங்கள். வாட்டம் இரண்டடிக்கு ஒரு அடி இறங்கியே ஆக வேண்டும், குறைந்தால் ஓட்டுக்கடியில் தண்ணீர் ஏறி, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை ஊறிவிடும். அப்புறம் ஓரத்து வரிசைகளைக் கம்பியால் கட்டி, கலவை போட்டுப் பூசுங்கள். 2018 கஜா புயலில் ஓடு பறந்ததைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

சுவர் 4 இன்ச் ஹாலோ பிளாக். வெளியே சுண்ணாம்பு, கீழே இரண்டடிக்குக் காவிப் பட்டை, அவ்வளவுதான் அலங்காரம். கதவு மட்டும் நிலையோடு பழைய மரக்கடையில் எடுத்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசியதும் தேக்கின் ரேகை எப்படி எழுந்து வந்திருக்கிறது பாருங்கள், புதுக் கதவில் இந்த நிறம் வரவே வராது.

கூலியும் சேர்த்து 60 ஆயிரத்துக்குள் முடிந்தது. உங்கள் ஊரில் பழைய ஓடு என்ன விலை போகிறது என்று கமென்டில் போடுங்கள், வாங்க நினைப்பவர்களுக்கு உதவும். உள்ளே அலமாரி அடிப்பதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.