மூணாம் திருவிழா ராத்திரி

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சுசீந்திரம் என்றதும் வெளியூர்க்காரர்கள் இரண்டைத்தான் விசாரிப்பார்கள். ஒன்று 18 அடி அனுமார், இன்னொன்று தட்டினால் பாடும் கல்தூண். இரண்டும் பெருமைதான், யார் மறுத்தார்கள்? ஆனால் ஏழு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, அனுமாருக்கு வடைமாலை சாத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் கன்னியாகுமரிக்கு ஏறிவிடுகிறவருக்குப் பாதிக் கோயில்தான் கிடைக்கிறது. மீதி மதிலுக்கு வெளியே இருக்கிறது.

மார்கழித் திருவிழா 10 நாள். மூணாம் திருவிழா ராத்திரி நடப்பதுதான் மக்கள்மார் சந்திப்பு. அப்பா அம்மா வீட்டில் விசேஷம். பிள்ளைகள் வராமல் இருப்பார்களா? கோட்டாற்றிலிருந்து வலம்புரி விநாயகர் வருகிறார். வேளிமலையிலிருந்து குமாரசுவாமி வருகிறார். திருவிழா முடியும்வரை இங்கேதான் தங்கல். தேரோட்டம் முடிந்த நள்ளிரவில் சப்தாவர்ணம், பிள்ளைகள் விடைபெறும் நேரம். வாகனத்தைத் தோளில் சுமப்பவர்கள் நாலு அடி பின்னே போவார்கள். போன வேகத்தில் முன்னே ஓடி வருவார்கள். பெற்றவர்களைப் பிரிய மனம் வராமல் பிள்ளை தவிக்கிறதாம். இதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிய தாய்மார்கள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தாலே போதும்.

தாணுவாகிய சிவனும் மாலும் அயனும் ஒன்றாய் இருக்கும் தலம் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். இங்கே சாபம் தீர்ந்த இந்திரனே அர்த்தசாம பூசைக்கு வருகிறான் என்ற ஐதீகமும் நீங்கள் அறிந்ததுதான். அதில் நான் நேரம் போக்கப் போவதில்லை.

நவராத்திரிக்கு நம்மூர் முன்னுதித்த நங்கை அம்மன் பல்லக்கில் புறப்பட்டு, பத்மநாபபுரம் சரசுவதியோடும் அதே வேளிமலை முருகனோடும் திருவனந்தபுரம் போகிறாள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நடுவே மாநில எல்லை விழுந்தது. ஊர்வலம் நிற்கவில்லை. இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்து அனுப்பி வைக்கிறார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் பேச வந்ததே வீண். சுவாமியின் பிள்ளைகள் உரிமையோடு வந்துபோன அதே தெருக்களில், இந்த மண்ணின் பிள்ளைகள் பலர் சாதியின் பெயரால் நடக்கக்கூட முடியாமல் இருந்தது. 1926-இல் இங்கே சத்தியாக்கிரகம் தொடங்கியது அதற்காகத்தான். டாக்டர் எம். இ. நாயுடு அதில் முன் நின்றார். கோயிலுக்குள் போக இன்னும் 10 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-ஆம் தேதி திருவிதாங்கூர் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. தல புராணம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. இந்திரன் சாபம் தீர்ந்த கதையைச் சொல்கிற வாய், நம் ஊர் பழி தீர்ந்த கதையை ஏன் முழுங்க வேண்டும்?

இந்த மார்கழியில் மூணாம் திருவிழாவுக்கு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கோயில் வாசலில் வந்து காத்து நிற்காமல், கோட்டாற்றில் பிள்ளையார் கிளம்பும்போதே கூடச் சேர்ந்து நடந்து வாருங்கள்.