ஆடிப் பிம்பங்களும் எலியின் ஓட்டமும்

அவையோர்க்கு வணக்கம். வலக்கால் செருப்பை இடக்காலில் மாட்டிப் பார்த்தவர்களுக்கு நான் பேசவந்த பொருள் எளிதில் விளங்கும். அளவும் தையலும் ஒன்றாகவே இருந்தும் கால் அதில் பொருந்தாது. ஆம்ஃபெட்டமின் என்னும் ஊக்கமருந்தின் மூலக்கூற்றில், நான்கு வெவ்வேறு தொகுதிகளைத் தாங்கி நிற்கும் ஒரே ஒரு கார்பன் அணுவால், ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்கள் உண்டாகின்றன. ஒரே தளத்தில் அதிரும் ஒளியின் தளத்தை எப்பக்கம் திருப்புகின்றன என்பதைக் கொண்டு அவற்றை வலஞ்சுழி, இடஞ்சுழி என்கிறோம். 1887-இல் எடெலியானு என்ற வேதியியலாளர் பெர்லினில் இதை முதன்முதலாகத் தயாரித்தபோது கிடைத்தது இரண்டும் சரிபாதியாகக் கலந்த பொருளே.

உருகுநிலையில் வேறுபடாத இவ்விரண்டும் எலியின் உடலுக்குள் சென்றதும் வேறுபடுகின்றன. வலஞ்சுழி வடிவத்தைச் சிறிதளவு செலுத்தினால் எலி கூண்டுக்குள் ஓயாமல் ஓடும். குறுக்கே செல்லும் ஒளிக்கற்றையை அது எத்தனை முறை மறிக்கிறது என்று எண்ணி அந்த ஓட்டத்தை அளப்பார்கள். அளவைக் கூட்டினாலோ ஓட்டம் அடங்கி, எலி ஒரே மூலையில் நின்று முகர்வதும் நக்குவதும் கம்பியைக் கடிப்பதுமாக ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும். கருவியின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் எலி அமைதியாகிவிட்டது என்று குறித்துவிடுவார். கூண்டருகே உட்கார்ந்து பார்க்காமல் எடுத்த அளவீட்டில் எனக்கு நம்பிக்கை குறைவு.

1970-இல் டெய்லர், ஸ்னைடர் என்ற ஆய்வாளர்கள் இவ்விரு நடத்தைகளையும் ஒப்பிட்டு, ஓட்டத்தைத் தூண்டுவதில் வலஞ்சுழி சுமார் 10 மடங்கு வலியது, கடிப்பதைத் தூண்டுவதில் சுமார் 2 மடங்கே வலியது என்று கண்டார்கள். நார்அட்ரினலினும் டோபமினும் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள். நார்அட்ரினலின் நரம்புகளில் வலஞ்சுழியே மிக வலியது, டோபமின் நரம்புகளில் இரண்டும் சமம் என்று அன்று கருதப்பட்டதால், ஓட்டத்தை நார்அட்ரினலின் கணக்கிலும் கடிப்பதை டோபமின் கணக்கிலும் எழுதினார்கள். அழகான வாதம்தான். ஆனால் வேறு ஆய்வகங்களில் நரம்புகளைப் பற்றிய அந்த விகிதங்கள் தலைகீழாக வந்தன. 1975-இல் கெல்லி, செவியூர், ஐவர்சன் ஆகியோர் எலியின் மூளையில் அக்கும்பென்ஸ் என்ற பகுதியின் டோபமின் நரம்பு முனைகளை அழித்தபோது ஓட்டம் மறைந்தது. காடேட் பகுதியில் அழித்தபோது திரும்பத் திரும்பச் செய்யும் செயல் தணிந்தது. இரண்டுமே டோபமின் வேலை, இடம்தான் வேறு.

இடஞ்சுழியை வெறும் சக்கை என்று ஒதுக்கவும் முடியாது. மூளையில் தளர்ந்தாலும் இதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் அது பின்தங்குவதில்லை. ஆகவே எந்த வடிவம் என்று சொல்லாமல் இத்தனை மில்லிகிராம் ஆம்ஃபெட்டமின் கொடுத்தோம் என்று மட்டும் எழுதிய ஆய்வறிக்கையை வைத்துக்கொண்டு, அதே சோதனையை இன்னொருவர் செய்துபார்க்க முடியாது.