வெள்ளம் வருமுன்

மேடையில் வீற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, விடுமுறை நாளிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய நூலகர் தம்பி அவர்களே, வந்துகொண்டே இருப்பதாகத் தகவல் அனுப்பியிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, என் பேச்சு எந்த ஏரியில் போய் முடியும் என்று தெரிந்தே வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

ஸ்பானியர் வருவதற்கு முந்தைய மெக்சிகோ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்தி சொல்ல வந்தேன்: அவர்களுடைய உணவு, நீர், நாட்காட்டி.

உணவுக்கு அதிகம் பேச வேண்டாம். மதியம் நீங்கள் சாப்பிட்ட சாம்பாரில் கிடந்த மிளகாயும் தக்காளியும் அந்த மண்ணின் மக்கள் பயிராக்கி வளர்த்தவை. போர்ச்சுகீசியர் கப்பல் வரும்வரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காயை மிளகாய் என்றோம். சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

அஸ்டெக்குகள் என்று நாம் சொல்லும் மெஷிகா மக்கள் 1325-ல் டெஸ்கோகோ ஏரிக்கு நடுவே ஒரு தீவில் டெனோச்டிட்லான் நகரை நிறுவியதாக மரபு. ஏரியின் அடிச்சேற்றை அள்ளிப் பாத்தி பாத்தியாக உயர்த்தி, ஓரத்தில் மரம் நட்டு, மக்காச்சோளம் விளைத்தார்கள். சினாம்பா என்று பெயர். சேற்றை அள்ள அள்ள வாய்க்கால் ஆழமாகும், வயல் கொழுக்கும். நம் தாத்தாக்கள் மாட்டுவண்டியில் ஏரி வண்டல் அடித்ததும் இதே கணக்குதானே! 1449-ல் பெருவெள்ளம் நகரை முழுக்கியது. டெஸ்கோகோ மன்னர் நெசவால்கோயோட்டில் ஏரிக்குள்ளேயே சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை எழுப்பினார். உப்புநீர் அந்தப் பக்கம், நல்ல நீர் இந்தப் பக்கம். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். அவர் ஒரு வெள்ளத்தைப் பார்த்துவிட்டுப் போட்டார். நாம் எத்தனை பார்த்துவிட்டோம்!

ஒரு கதை. டியேகோ டுரான் என்ற பாதிரியார் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தது. அவிட்சோட்டில் என்றொரு மன்னர். வாலில் கை முளைத்த ஒரு நீர்ப்பிராணிக்கும் அதே பெயர்தான். ஆளைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துவிடுமாம். 1500 வாக்கில், கோயோவாகான் சுனைகளை வாய்க்கால் வெட்டித் தலைநகருக்குக் கொண்டுவர மன்னருக்கு ஆசை. அந்த ஊர்த் தலைவர் சுட்சுமா, தருகிறேன், ஆனால் அந்தச் சுனை சில நேரம் கட்டுக்கடங்காமல் பொங்கும், நகரம் முழுகும் என்று எச்சரித்தார். விவரம் தெரிந்தவன் பேசினால் மன்னருக்குக் கோபம் வருவது எந்த நாட்டில்தான் இல்லை? கொன்றுவிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். உள்ளே போனால் ஆசனத்தில் தலைவரைக் காணோம், கழுகு! ஓடிவந்தார்கள். அடுத்த முறை ஜாகுவார், அந்த ஊர்ப் புலி! அப்புறம் பாம்பு, அப்புறம் நெருப்பு! ஊரையே அழிப்பேன் என்று மன்னர் மிரட்டியதும், மக்களுக்காகச் சுட்சுமா தானே வந்து கழுத்தை நீட்டினார்.

வாய்க்கால் வந்தது. குழல் ஊதி, நறும்புகை போட்டு, காடை பலியிட்டுத் தண்ணீரை வரவேற்றார்கள். நம் திறப்பு விழா தோற்றது போங்கள். வந்த தண்ணீர் நிற்கவே இல்லை. சினாம்பா போச்சு, வீடு போச்சு. தப்பி ஓடிய மன்னர் வாசல் நிலையில் தலை இடித்து, அந்தக் காயத்தாலேயே பிறகு மாண்டார் என்றும் ஒரு செய்தி உண்டு. நெசவால்கோயோட்டிலின் மகன் சொன்ன யோசனைப்படி சுனையை அடைத்தார்கள். வெள்ளம் வருமுன் அணை போடு. போட முடியாவிட்டால், போடச் சொன்னவனைக் கொல்லாமலாவது இரு!

1521-ல் ஸ்பானியர் தங்கள் கப்பல்கள் நுழைய அந்தக் கரையை உடைத்தார்கள். பின்னாளில் ஏரியையே வடித்தார்கள். அந்தச் சேற்றின்மேல் நிற்கும் மெக்சிகோ நகரம் சில இடங்களில் ஆண்டுக்கு 50 சென்டிமீட்டர் வரை தாழ்கிறது. அதே ஏரிப்படுகையில் விமான நிலையம் கட்டத் தொடங்கி, மக்களிடம் வாக்குக் கேட்டு, 2018-ல் கைவிட்டார்கள். நம் பெரிய ஏரியில் பேருந்து நிலையத்துக்கு அளவுக்கல் நட்டாயிற்று.

நாட்காட்டியா? 260 நாள் கொண்ட அந்த ஆண்டுக் கணக்கை... நூலகர் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். அடுத்த விழாவில் பார்ப்போம். அதோ, ஊராட்சித் தலைவர் வந்துவிட்டார், வாங்க ஐயா. மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்துக்கான இடத்தை உங்களுக்காகத்தான் விட்டுவைத்திருக்கிறோம்.