மெயில் போட்டும் "ஏன் சொல்லவில்லை" என்று கேட்கிறார்களா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஐடி பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் அனுப்பியிருக்கிறார். "நாங்கள் மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துகிறோம். மாதம் தவறாமல் ஏதாவது புதிய வசதி வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எல்லா ஊழியர்களுக்கும் மெயில் போடுகிறோம். அப்படியும், 'இது எப்போது வந்தது, ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை' என்று எங்களிடமே வந்து நிற்கிறார்கள். பயிற்சி வகுப்பு வைத்துவிடலாமா?"

உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. "ஒவ்வொன்றுக்கும்", "எல்லோருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான். பத்து மெயில் வந்து அதில் ஒன்பது தனக்குச் சம்பந்தமில்லை என்றால், பத்தாவதை யார் திறப்பார்கள்? நானாக இருந்தாலும் திறக்க மாட்டேன். அதனால் முதல் வேலை, மெயில் எண்ணிக்கையைக் குறைப்பது.

எதை விடுவது, எதைச் சொல்வது? அட்மின் பக்கத்தில், வரப்போகும் மாற்றங்களை மைக்ரோசாஃப்ட் அறிவிக்கும் மெசேஜ் சென்டர் இருக்கிறது அல்லவா, அங்கே வருவதெல்லாம் அட்மினுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே ஊழியர்களுக்கு அனுப்பவே கூடாது. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக் காலையில் யாருடைய கை தடுமாறும்? புதிதாக ஒரு பொத்தான் சேர்ந்தால் பெரும்பாலும் யாரும் தடுமாறுவதில்லை, தேவைப்படுகிறவர் தானே கண்டுபிடித்துக்கொள்வார். ஆனால் தினமும் அழுத்திய பொத்தான் இடம் மாறினாலோ, ஒன்று காணாமல் போனாலோ, இதுவரை தானாக நடந்தது நின்றுபோனாலோ, அன்றைக்கு உங்கள் ஹெல்ப் டெஸ்க் போன் ஓயாது. முன்கூட்டியே சொல்ல வேண்டியது இந்த வகையைத்தான். பளபளப்பான புது வசதிக்கு மூன்று மெயில் போட்டுவிட்டு, பழைய மெனு போகப்போவதைச் சொல்லாமல் விடுகிற இடங்கள்தான் அதிகம்.

அப்புறம், எழுதும் விதம். ஒரு உதாரணம் காட்டுகிறேன். டீம்ஸ் மீட்டிங் ரெக்கார்டிங்குகள், அட்மின் வேறு மாதிரி அமைக்காவிட்டால், 120 நாளில் காலாவதியாகிவிடும். இதைப் பற்றிப் பொதுவாக வரும் மெயில் எப்படி இருக்கும்? "ரெக்கார்டிங்குகளுக்கான தானியங்கிக் காலாவதி வசதி நமது நிறுவனத்தில் அறிமுகப்படுத்தப்படுகிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." படிக்கிறவருக்கு என்ன புரியும்? ஒன்றும் புரியாது. மகிழ்ச்சி எதற்கு என்பதும் புரியாது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "நீங்கள் ரெக்கார்ட் செய்யும் மீட்டிங் 120 நாள் கழித்துத் தானாக நீங்கிவிடும். வைத்துக்கொள்ள வேண்டிய வீடியோ இருந்தால், ஒன்டிரைவில் அந்த ஃபைலின் விவரங்களைத் திறந்து காலாவதித் தேதியை மாற்றிவிடுங்கள்." கீழே அந்த இடத்தின் ஸ்க்ரீன்ஷாட் ஒன்று. அவ்வளவுதான். மெயிலின் தலைப்பிலும் "மாதாந்திர அப்டேட்" என்று போடாமல் "உங்கள் மீட்டிங் வீடியோக்கள் 120 நாளில் நீங்கிவிடும்" என்றே போடுங்கள். திறக்காதவருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

இதையும் எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமா என்று யோசியுங்கள். மீட்டிங்கை ரெக்கார்ட் செய்து பாடமாக வைத்திருக்கும் பயிற்சிப் பிரிவுக்கு இது தலைபோகிற விஷயம். கணக்குப் பிரிவுக்கு ஒருவேளை ஒன்றுமே இல்லை.

எப்போது சொல்வது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அட்மின் ஏதாவது செய்ய வேண்டிய பெரிய மாற்றம் என்றால் மைக்ரோசாஃப்ட் குறைந்தது 30 நாள் முன்பே அறிவித்துவிடும். ஆனால் வசதி ஒரே நாளில் எல்லோர் திரையிலும் வந்து உட்காராது, வாரக்கணக்கில் படிப்படியாக வரும். அறிவிப்பு வந்த அன்றே நீங்கள் மெயில் போட்டால், ஊழியர் போய்த் தேடுவார், பொத்தான் இருக்காது. பக்கத்து இருக்கைக்காரருக்கு இருக்கும், இவருக்கு இருக்காது. உடனே ஹெல்ப் டெஸ்க்குக்கு ஒரு டிக்கெட், அதாவது புகார். அதைவிட மோசம், அடுத்த மெயிலை அவர் நம்ப மாட்டார். ஆகவே சில பேருக்கு மட்டும் முதலில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டில் அதற்கு டார்கெட்டட் ரிலீஸ் என்ற அமைப்பு இருக்கிறது, பிரிவுக்கு ஒருவரை அதில் சேர்த்துவிடலாம். மைக்ரோசாஃப்டுக்குப் பதில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்களுக்கு, சீக்கிரம் வரும் ராபிட் ரிலீஸ், சற்றுப் பிந்தி வரும் ஷெட்யூல்ட் ரிலீஸ் என்று இரண்டு வேகம் உண்டு. முதலில் பார்த்தவர்கள் எங்கே குழம்பினார்கள் என்று கேட்டுவிட்டு மெயிலை எழுதுங்கள். அவர்கள் கேட்ட கேள்விதான் மற்றவர்களும் கேட்கப்போவது.

ஹெல்ப் டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஊழியர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் நடைமுறையில் அவர்களுக்கும் அதே மெயில்தான் போகிறது, அதே நாளில்.

மெயிலைப் படிக்காதவர்கள் எப்படியும் இருப்பார்கள். தேவை வரும் நாளில் அவர்கள் தேடுவார்கள். அப்போது கிடைக்கும்படி எல்லா மாற்றங்களையும் தேதியோடு ஒரே பக்கத்தில் போட்டு வையுங்கள். டீம்ஸில் ஒரு சேனல் திறந்து, அதில் நீங்கள் மட்டும் பதிவிடும்படி வைத்தாலும் போதும். அதில் வாழ்த்துச் செய்தி, பிறந்தநாள் எதையும் போடாதீர்கள்.

பயிற்சி வகுப்பு கேட்டிருந்தீர்கள். ஒரு பொத்தானுக்காக வைக்காதீர்கள், வருகிறவர்கள் லேப்டாப்பில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒப்புதல் வாங்கும் முறையே மாறுகிறது, ஃபைல் வைக்கும் இடமே மாறுகிறது என்றால் கட்டாயம் வையுங்கள். அதையும் பிரிவு வாரியாக, அவர்களுடைய சொந்த ஃபைலைத் திறந்து செய்து காட்டும்படி வையுங்கள்.