12 பாட்டிலும் ஒரு நிலவேம்புக் கஷாயமும்

வணக்கம் மக்களே. பின்னால் குக்கர் சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், அம்மா பருப்பு வைத்திருக்கிறார்.

முதலில் ஒரு எரிச்சலை இறக்கி வைத்துவிடுகிறேன். நேற்று கல்யாணப் பந்தியில், பெரியப்பா முறையில் ஒருவர், என் கையில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "எதிர்ப்பு சக்தி கம்மியாம்மா? நிலவேம்புக் கஷாயம் குடி" என்றார். இலையில் பாயசம் ஊற்றுகிற நேரத்தில் கஷாயப் பேச்சு! பெரியப்பா, எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மி இல்லை. அது ஆள் தெரியாமல் அடிக்கிறது. எனக்கு வந்திருக்கிற சி.ஐ.டி.பி. என்ற நரம்பு நோய் அதுதான். வயருக்கு மேல் ரப்பர் இருக்கிற மாதிரி நரம்புக்கும் ஓர் உறை உண்டு. என் உடம்பே அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு செய்கிற புரதம், அதை டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள் என்றேன்.

"பிறகு ஏன் ஆன்டிபாடியையே ஏற்றுகிறார்கள்?" என்று அவர் மடக்கினார். நல்ல கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஏற்றுகிற ஐ.வி.ஐ.ஜி. என்பது ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து, பிரித்தெடுத்த ஆன்டிபாடி. ஆன்டிபாடிகள் சீக்கிரம் அழிந்துவிடாமல் காப்பாற்றி வைக்க உடம்பில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பஸ் சீட் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் ஆன்டிபாடி கூட்டமாக ஏறிவிட்டால் என்னுடைய வம்புக்கார ஆன்டிபாடிக்கு உட்கார இடமில்லை, சீக்கிரம் அழிந்து போகும். இது ஒரு வழி. இன்னும் சில வழிகளிலும் வேலை செய்கிறதாம். 1981-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து டாக்டர் பால் இம்பாக், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களை உடம்பே அழிக்கும் நோய் வந்த குழந்தைகளுக்கு இதைக் கொடுத்துத் தட்டணு ஏறியதை எழுதினார். அதிலிருந்துதான் இந்த மாதிரி நோய்களுக்கெல்லாம் பரவியது.

சரி, இப்போது முக்கியமான விஷயம். விலை! என் எடை 60 கிலோ. முதல் தடவை கிலோவுக்கு 2 கிராம், ஆக 120 கிராம், 5 கிராம் பாட்டிலாக 24. அந்த ஐந்து நாள் கதையைப் பழைய வீடியோவில் அழுது முடித்துவிட்டேன். இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை 12 பாட்டில், இரண்டு நாளில். இத்தனை மாதமும் ஒரே கடையில், எம்.ஆர்.பி.யில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை மொத்த வியாபாரி ஒருவரிடம் கேட்டால், அதே கம்பெனி, அதே பாட்டில், ஒன்றுக்கு 1,100 ரூபாய் குறைவு. பன்னிரண்டுக்கு 13,200! ஆட்டோவில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கைக்குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி வந்தேன். டிரைவர் அண்ணனிடம் "பள்ளத்தில் மெதுவாக விடுங்கள், குலுங்கினால் நுரைத்துவிடும்" என்று மூன்று தடவை சொன்னேன். "உள்ளே பாலாம்மா?" என்று கேட்டார். பில்லைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசிக்கிறேன், அம்மா முறைக்கிறார்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பிடிக்காதது மருந்தை ஏற்றுகிற அந்த பம்ப். முழங்கையை மடக்கினால் கத்தும், தூங்கினால் கத்தும். பிடித்தது எங்கள் சிஸ்டர், ஒரே குத்தில் ரத்தக்குழாயைப் பிடிப்பார். மெதுவாக ஆரம்பித்து, பிரஷர், காய்ச்சல் பார்த்துப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுவார். போன மாதம் "சீக்கிரம் விடுங்கள், பஸ்ஸைப் பிடிக்கணும்" என்று நச்சரித்தேன் இல்லையா, அன்று ராத்திரி தலை பிளந்துவிட்டது. இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

அய்யோ, ஒன்றை விட்டுவிட்டேன். முந்தின நாளிலிருந்தே தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள், குடித்தேன். தலைவலி வராததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், என் பொறுமைக்கு முழுப் பெயரும் கொடுக்க வேண்டாம்.

மருந்து வேலை செய்கிறதா என்று கேட்கிறீர்கள் அல்லவா? வாசலைக் காட்டுகிறேன், பாருங்கள். இது போன வாரம் போட்ட கோலத்தின் போட்டோ. மூன்றாவது வாரக் கடைசி, மருந்தின் வேகம் குறைந்து விரல் தளர்கிற நேரம், கோடு கயிறு மாதிரி தடித்திருக்கிறது, இரண்டு புள்ளி கூட்டணி சேர்ந்துவிட்டது. மாவு விரலுக்கு நடுவில் நிற்கவே இல்லை. இது இன்று காலை. ஏழு புள்ளி, சிக்குக் கோலம், ஒரே இழை. அந்த வலது மூலையில் அழிந்திருப்பது நான் இல்லை, பால்காரர் சைக்கிள்.

மூன்றாவது விசில். அடுப்பை அணைக்கப் போகிறேன், வரட்டுமா.