தூங்கத் தெரிந்த மரமாகப் பார்த்து

நேயர்களுக்கு வணக்கம். 30 வருடம் சிங்கப்பூரில் சாலையோரம் மரம் நட்டும் கிளை வெட்டியும் பிழைத்தவன் நான். பூமலையில், அதாவது சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில், கிளையைத் தரையோரமாக நீட்டிக்கொண்டு நிற்கும் தெம்புசு மரத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் உங்கள் பணப்பையில் இருக்கும், ஐந்து வெள்ளி நோட்டில். பூமலை 1859-இல் தொடங்கியது. அந்த மரம் அதற்கும் மூத்தது என்பார்கள். இங்கே ஒரு கன்றை நட்டால் எங்களுக்கு வடிகால், வேர், மழைக்காற்றில் முறியும் கிளை, இந்தக் கவலைகள்தான். குளிரைப் பற்றி யோசித்ததே இல்லை.

மகள் கனடாவின் மாண்ட்ரியலில் இருக்கிறாள். அங்கே 1931-இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் ஒன்று உண்டு, 75 ஹெக்டர், கிட்டத்தட்ட நம் பூமலை அளவு. ஜனவரியில் மைனஸ் 25 டிகிரி வரைகூட இறங்குகிற ஊர். இவ்வளவு மரங்களையும் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி, தொழில்காரன் என்பதால், என்னை விடவில்லை.

முதலில் எல்லாரும் காட்டுவது ஒரு வரைபடம். குளிர்காலத்தின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக எவ்வளவு இறங்கும் என்று பார்த்து, அமெரிக்க வேளாண் துறை நாட்டை 13 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. நம் மண்டல எண்ணைப் பார்த்துக் கன்று வாங்கினால் போதும் என்று நினைத்தேன். அது பாதிதான் சரி. ஜனவரியில் மைனஸ் 30-ஐத் தாங்குகிற அதே மரம், அக்டோபரில் தயாராகாமல் நின்றால் மைனஸ் ஐந்திலேயே கருகிவிடலாம். குளிர் எவ்வளவு என்பதோடு, எப்போது வருகிறது என்பதும் கணக்கு.

பகல் பொழுது சுருங்கத் தொடங்கியதும் மரம் வளர்ச்சியை நிறுத்தித் தூங்கத் தயாராகிறது. குளிர் ஏற ஏற, செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியேறி, உள்ளே சர்க்கரை கூடுகிறது. பனிக்கட்டி செல்லுக்கு வெளியே இருக்கும் இடுக்குகளில் உருவாகும். உள்ளே பாகு போல இருப்பது உறையாது. வீட்டு ஃபிரீசரில் தண்ணீர் கல்லாகும், கெட்டியான சர்க்கரைப் பாகு கல்லாகாது அல்லவா? அந்தக் கதைதான்.

இதனால்தான் விதை எந்த ஊர் என்பது முக்கியம். சிவப்பு மேப்பிள் புளோரிடாவிலும் வளர்கிறது, கனடாவிலும் வளர்கிறது. பெயர் ஒன்றுதான். ஆனால் புளோரிடா விதையில் முளைத்த கன்றுக்குள் புளோரிடா கடிகாரம் ஓடுகிறது. வடக்கே ஊர் அடங்கிய பிறகும் அது தளிர் விட்டுக்கொண்டிருக்கும், முதல் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். நம் ஊரில் மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான், பெயர் தெரிந்தால் போதாது, பூர்வீகம் விசாரிக்க வேண்டும். நல்ல தோட்டங்கள் விதை சேகரித்த இடத்தையும் பதிவேட்டில் எழுதி வைப்பது இதற்காகத்தான்.

அப்புறம் புதர்ச்செடிகள். மே மாதம் ஒரு வீட்டு முற்றத்தில் ஃபார்சித்தியா பூத்திருந்தது. மஞ்சள் பூ முழங்கால் உயரம் வரைதான், அதற்கு மேல் வெறும் குச்சி. யாரோ பாதிக்கு மேல் பூப்பறித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். விஷயம் வேறு: பனி எதுவரை மூடியிருந்ததோ அதுவரை மொட்டு பிழைத்தது, பனிக்கு மேலே காற்றில் நீட்டியிருந்த மொட்டெல்லாம் செத்துப்போனது. பனி அங்கே கம்பளி. ஆகவே புதரைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு உயரம் போகும், நடும் இடத்தில் பனி நிற்குமா என்றும் பார்க்கிறார்கள். பள்ளத்தில் நட மாட்டார்கள். குளிர்காற்று தண்ணீர் போல இறங்கி அங்கே தேங்கும்.

வெயிலும் எதிரி என்றால் நம்புவீர்களா? குளிர்காலப் பிற்பகல் வெயில் இளம் மரத்தின் தென்மேற்குப் பக்கப் பட்டையைச் சூடாக்கும். பொழுது சாய்ந்ததும் அது சட்டென உறைந்து வெடிக்கும். அதற்குத்தான் அடிமரத்தில் வெள்ளைத் துணி போலச் சுற்றியிருக்கிறார்கள். நான் ஏதோ நோய்க்குக் கட்டுப்போட்டது என்று நினைத்தேன்.

லார்ச் என்ற மரத்திடமும் ஏமாந்தேன். ஊசியிலை மரம் என்றால் வருடம் முழுக்கப் பச்சை என்பது என் எண்ணம். ஒரு வரிசை மொட்டையாக நின்றது. "பாவம், செத்துப்போச்சு" என்றேன். "இல்லப்பா, அது இலை உதிர்க்கிற ஊசியிலை மரம்" என்று மகள் சிரித்தாள். சைபீரியாவின் கடுங்குளிரில் காடு காடாக நிற்பது இந்த இனம்தான். உறைந்த மண்ணிலிருந்து வேர் நீர் எடுக்க முடியாதபோது, இலையே இல்லாவிட்டால் நீர் இழப்பும் இல்லை. இலையை வைத்துக்கொண்டே தாக்குப்பிடிக்கிற ஊசியிலை மரங்களும் உண்டு. ஆனால் காற்றடிக்கும் இடத்தில் அவை வாடிப் பழுப்பேறும்.

குளிரைத் தாங்கினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. மிச்சிகனில் 2002-இல் கண்டறியப்பட்ட, ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு ஒன்று வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. ஒரே இனத்தைத் தெரு முழுக்க நட்ட ஊர்கள் மொட்டையாயின.

புறப்படுவதற்கு முந்தைய நாள் பேத்தி கேட்டாள்: "தாத்தா, உங்க ஊர் மரம் எப்ப தூங்கும்?" விமான நிலையச் சாலையில் வரிசையாக நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் நினைவுக்கு வந்தன, பொழுது சாய்ந்தால் இலை மடிப்பவை. "தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு" என்றேன். அவள் நம்பவே இல்லை.