படத்தின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து, நெல்லைச் சீமையின் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து மின் ஆவணக் காப்பகத்தில் சேர்த்து வருகிறோம். ஸ்கேன் செய்வது ஒரு படத்துக்கு நாலைந்து நிமிஷ வேலை. அதற்கு விவரக்குறிப்பு எழுதத்தான் சில சமயம் ஒரு வாரம்கூட ஆகிவிடும். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஸ்டூடியோவில் எடுத்த ஒரு படம். பின்னால் திரையில் வரைந்த பங்களா, முன்னால் நாற்காலியில் ஒரு ஆச்சி, நாற்காலிக் கையைப் பிடித்தபடி டவுசர் போட்ட ஒரு சிறுவன். படத்தின் பின்பக்கம் பென்சிலில் ‘1140 ஆவணி’ என்று எழுதியிருந்தது. எங்களோடு வேலை செய்யும் தம்பி, அதை ஸ்டூடியோக்காரர் போட்ட நெகட்டிவ் நம்பர் என்று நினைத்து, ‘ஆண்டு தெரியவில்லை’ என்று பதிந்துவிட்டார். படத்தைக் கொண்டுவந்த பெரியவர்தான், “எய்யா, அது கொல்லம் வருஷம்லா” என்றார். படத்தில் நிற்கும் சிறுவனும் அவர்தான்.

கொல்லம் ஆண்டு என்பது கி.பி. 825இலிருந்து எண்ணும் மலையாள ஆண்டு. நம் பக்கத்துக் கல்வெட்டுகளிலும் பழைய பத்திரங்களிலும் அதைப் பார்க்கலாம். இங்கே அது ஆவணியில் பிறக்கும். 1140 ஆவணி என்றால் 1964 ஆகஸ்ட், செப்டம்பர். அன்றிலிருந்து பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்கிறோம். அங்கே இருப்பதை எழுத்துப்பிழை இருந்தாலும் அப்படியே பதிகிறோம். கண்ணால் பார்ப்பது ஒரு இடத்தில், வீட்டார் சொன்னது இன்னொரு இடத்தில். நாங்களாக ஊகிப்பது தனியே, ‘சுமார்’ என்ற சொல்லோடு, எதை வைத்து ஊகித்தோம் என்ற காரணத்தோடு இருக்கும். நெல்லை ஜங்ஷன் படத்தில், 1973இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் முழுதாகத் தெரிந்தால் அந்தப் படம் அதற்கு ரொம்ப முந்தியதாக இருக்க முடியாது. அப்படி ஒரு பாலம் போதும், காலத்தின் ஒரு எல்லை பிடிபட்டுவிடும்.

ஊர்ப் பெயரில் வேறு சிக்கல். குற்றாலத்துப் படத்தின் அடியில் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று இருக்கும். எழுதிய காலத்தில் அது சரி. 2019இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. திருச்செந்தூர் 1986இலேயே தூத்துக்குடியோடு போய்விட்டது. அன்றைய பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்தே எழுதுகிறோம். பாளை, பாளையங்கோட்டை என்று எதைத் தட்டித் தேடினாலும் படம் வந்தாக வேண்டும் அல்லவா? டப்ளின் கோர் என்று உலகம் முழுக்கப் புழங்கும் பட்டியல் முறை ஒன்று உண்டு. தலைப்பு, தேதி, உரிமை என்று 15 கட்டங்கள். கட்டங்களை அது தந்துவிடும். அவற்றுக்குள் போட வேண்டிய சொல்லை நம் ஊர்தான் தர வேண்டும்.

அதற்கு ஒரு படம் சொல்கிறேன். ‘கிணறு, இரண்டு மாடுகள், ஒரு ஆள்’ என்று முதலில் எழுதியிருந்தோம். மானூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்துச் சொல்லச் சொல்ல, குறிப்பு வளர்ந்தது. இது மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை. தண்ணீர் மொள்ளுவது கூனை. அதன் அடியில் தொங்கும் தோல் தும்பி. மாடு இழுப்பது வடம், தும்பியை இழுத்துப் பிடிப்பது வால்கயிறு. “கயித்து மேல உக்காந்திருக்கான் பாருங்க, மாடு இறக்கத்துல போவுது, கூனை நிறைஞ்சு மேல வருது” என்றார். அசையாத படத்தில் தண்ணீர் ஏறிவருவதை அவர் பார்த்தார். மோட்டார் வந்த பிறகு பிறந்த நாங்கள் எத்தனை நாள் உற்றுப் பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. அவர் குரலையும் பதிவு செய்து படத்தோடு இணைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டு ஆல்பத்தை இந்த வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்க்க வேண்டாம். தனியாக இருப்பதன் பின்னால், ஓரமாக, மெல்லிய பென்சிலால் பெயர், உறவு, ஊர் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அதன் அழுத்தம் முன்பக்கம் தெரிந்துவிடும். பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள்.

அந்த 1140 ஆவணிப் படத்தில் ஒரு கட்டம் இன்னும் நிறையவில்லை. ஆச்சியின் பெயர் அந்தப் பெரியவருக்கே தெரியாது. பிறந்ததிலிருந்து ஆச்சி என்றே கூப்பிட்டவர். சேரன்மகாதேவியில் 90 வயதைத் தாண்டிய ஒரு அத்தை இருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.